மருத்துவர்-நோயாளி கூட்டு முடிவெடுப்பு

மருத்துவர்-நோயாளி கூட்டு முடிவெடுப்பு என்பது, ஒரு நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கும்போது, மருத்துவரும் நோயாளியும் தாம் அறிந்தவற்றை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டு, எந்த வழியில் செல்வது என்பதைச் சேர்ந்து தீர்மானிக்கும் முறையாகும். மருத்துவர் நோயை அறிந்தவர். நோயாளி தம் உடலையும், தொழிலையும், குடும்பத்தையும், அச்சங்களையும் அறிந்தவர். இவ்விரண்டு அறிவும் சேர்ந்தால்தான் முடிவு முழுமையடையும் என்பதே இம்முறையின் அடிப்படைக் கருத்தாகும்.

அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெறுவது இந்தியா முழுவதும் நடைமுறையில் உள்ளது. ஆனால் கையொப்பமும் முடிவும் ஒன்றல்ல. நோயாளி புரிந்துகொண்டாரா, எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததா, "வேண்டாம்" என்று சொல்ல அவரால் இயலுமா ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை "ஆம்" என்றிருந்தால் மட்டுமே அக்கையொப்பத்துக்குப் பொருள் உண்டு. இக்கட்டுரை இம்முறையின் வரலாறு, இந்தியச் சட்டம், தமிழ்நாட்டு நிகழ்வுகள், ஈரோடு உள்ளிட்ட கொங்குப் பகுதியின் சூழல் ஆகியவற்றை விளக்குகிறது.

பெயரும் பொருளும்

இத்துறையில் இரண்டு கருத்துகள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

- அறிந்து தரும் ஒப்புதல்: ஒரு குறிப்பிட்ட சோதனையை அல்லது சிகிச்சையைப் பற்றி மருத்துவர் விளக்கியபின், நோயாளி அதற்கு இசைவு தருவது. இது ஒரு சட்டத் தேவை.
- கூட்டு முடிவெடுப்பு: எந்தச் சிகிச்சை என்பதையே இருவரும் சேர்ந்து தேர்வது. இது ஒப்புதலுக்கு முன் நடக்கவேண்டிய உரையாடல்.

எளிமையாகச் சொன்னால், முதலாவது "இதைச் செய்யலாமா?" என்ற வினாவுக்கு விடை. இரண்டாவது "எதைச் செய்யலாம்?" என்ற வினாவுக்கு விடை.

வரலாறு

நோயாளியையும் மருத்துவத்தின் ஓர் அங்கமாகக் கருதுவது தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான "மருந்து" அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நான்கில் முதலாவதாக நிற்பவர் நோயாளியே.

எனினும், உலகின் பல பகுதிகளில் நெடுங்காலம் மருத்துவர் ஆணையிட்டு நோயாளி கீழ்ப்படியும் முறையே நிலவியது. தந்தை பிள்ளைக்கு நல்லது எதுவென்று தாமே தீர்மானிப்பது போன்றது என்பதால் இது தந்தைவழி முறை எனப்படுகிறது. இம்முறையை அசைத்தவை பெரும்பாலும் கசப்பான நிகழ்வுகளே.

- 1947: நாசி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் நியூரம்பர்க் நெறிகள் வகுக்கப்பட்டன. மனிதர் மீதான எந்த ஆய்வுக்கும் அவருடைய தன்விருப்ப ஒப்புதல் இன்றியமையாதது என்பது அவற்றில் முதல் நெறி.
- 1957: அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சால்கோ வழக்கின் தீர்ப்பில், "அறிந்து தரும் ஒப்புதல்" என்ற தொடர் நீதிமன்ற மொழிக்குள் வந்தது.
- 1964: உலக மருத்துவச் சங்கம் எல்சிங்கி அறிக்கையை வெளியிட்டது.
- 1982: அமெரிக்க அதிபரின் மருத்துவ அறவியல் ஆணையம், கூட்டு முடிவெடுப்பே உகந்த முறை எனத் தன் அறிக்கையில் கூறியது.
- 1997: கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ், காஃப்னி, வீலன் ஆகியோர் இம்முறைக்குத் தெளிவான வரையறை அளித்தனர். குறைந்தது இருவர் பங்கேற்றல், இருவரும் தகவல் பகிர்தல், இருவரும் இசைவுக்கு முயலுதல், முடிவை இருவரும் ஏற்றல் என்பன அவ்வரையறையின் கூறுகள்.
- 2015: பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மான்ட்கோமரி வழக்கில் தீர்ப்பளித்தது. நீரிழிவு இருந்த கர்ப்பிணி ஒருவருக்கு, இயல்பான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 விழுக்காடு இருந்தது. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. குழந்தை மூளைப் பாதிப்புடன் பிறந்தது. பிற மருத்துவர்கள் எதைச் சொல்வார்கள் என்பது அளவுகோல் அன்று, அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதுவே அளவுகோல் என்று நீதிமன்றம் கூறியது.

மருத்துவர்-நோயாளி உறவின் வகைகள்

எசக்கியேல் இமானுவேல், லிண்டா இமானுவேல் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் 1992இல் இவ்வுறவை நான்கு வகைகளாகப் பகுத்தனர்.

1. தந்தைவழி வகை: எது நல்லது என்பதை மருத்துவரே தீர்மானிப்பார்.
2. தகவல் வகை: மருத்துவர் தகவல்களை மட்டும் தருவார். தேர்வு முழுவதும் நோயாளியுடையது.
3. பொருள்கோள் வகை: நோயாளி உண்மையில் எதை விரும்புகிறார் என்பதை அவரே உணர மருத்துவர் உதவுவார்.
4. கலந்தாய்வு வகை: மருத்துவர் தம் பரிந்துரையையும் அதற்கான காரணத்தையும் வெளிப்படையாகக் கூறி நோயாளியுடன் விவாதிப்பார்.

கூட்டு முடிவெடுப்பு பின்னிரண்டு வகைகளுக்கு நெருக்கமானது. தகவல்களைக் கொட்டிவிட்டு "நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று கூறி விலகிக்கொள்வது கூட்டு முடிவெடுப்பு ஆகாது. அது நோயாளியைத் தனியே விட்டுவிடுவதாகும்.

தமிழ்நாடு: 1986 முதல் நம்பிக்கை மையம் வரை

ஒப்புதல் பற்றிய கருத்து தமிழ்நாட்டில் எவ்வாறு மாறியது என்பதை எச்.ஐ.வி. சோதனையின் வரலாறு நன்கு காட்டுகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா தம் பட்ட மேற்படிப்பு ஆய்வுக்காக இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து, குறிப்பாகப் பாதுகாப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தவர்களிடமிருந்து பெறப்பட்டவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது சில மாதிரிகளில் தொற்று இருப்பது தெரிந்தது. அதுவரை "இது வெளிநாட்டு நோய்" என்றிருந்த எண்ணம் தகர்ந்தது. அரசின் தடுப்புப் பணிகளுக்கு இக்கண்டுபிடிப்பு வழி திறந்தது.

எந்த நோய்க்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களிடம் கூறப்படவில்லை. இதை நிர்மலாவே பின்னாளில் செய்தியாளர்களிடம் மறைக்காமல் தெரிவித்தார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். அன்று அதைத் தடுக்கும் தனிச்சட்டமும் இல்லை. கண்டுபிடிப்பின் பயன் பெரிது. ஆயினும், அதற்கு இரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.

சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் அமைப்பைத் தொடங்கி, சோதனையுடன் ஆலோசனையும் வழங்கும் பணியில் ஈடுபட்டார். 2015இல் அவர் மறையும்வரை அப்பணி தொடர்ந்தது. காலப்போக்கில் அரசு மருத்துவமனைகளிலும் ஆலோசனை, சோதனை மையங்கள் ஏற்பட்டன. தமிழ்நாட்டில் இவை நம்பிக்கை மையம் என்ற பெயரால் அறியப்படுகின்றன. சோதனைக்கு முன் ஆலோசகர் ஒருவர் சோதனை எதற்கு, முடிவு எவ்வாறு இருக்கலாம், அதன்பின் என்ன செய்யலாம் என்பவற்றை விளக்குவார். முடிவு வந்தபின் மீண்டும் பேசுவார்.

கொங்குப் பகுதிக்கு இம்மாற்றம் மிக முக்கியமானதாக இருந்தது. ஈரோட்டுக்குக் காவிரியின் மறுகரையில் உள்ள நாமக்கல் மாவட்டம், சரக்குந்துத் தொழிலின் மையம். 2000களின் தொடக்கத்தில் எச்.ஐ.வி. பரவல் மிகுந்திருந்த இந்திய மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. தொற்று இருப்பது ஊருக்குத் தெரிந்தால் ஒதுக்கப்படுவோம் என்ற அச்சம் இருந்த இடத்தில், கட்டாயச் சோதனையால் மக்கள் மருத்துவமனையை விட்டு விலகியே சென்றிருப்பர். காதோடு காதாகப் பேசி, ஒப்புதல் பெற்று, முடிவை மறைகாத்தபோதுதான் அவர்கள் வந்தனர்.

இந்நடைமுறைக்கு எச்.ஐ.வி., எய்ட்சு (தடுப்பு, கட்டுப்பாட்டு) சட்டம், 2017 சட்ட வலிமை அளித்தது. 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, அறிந்து தரும் ஒப்புதல் இன்றி எவருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்தல் பொதுவாகக் கூடாது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தரவேண்டும். 1986இல் நடந்தவாறு இன்று இரத்தம் எடுத்தால் அது சட்டமீறல் ஆகும்.

இந்தியச் சட்ட நிலை

ஒப்புதல் பற்றிய இந்திய விதிகள் ஒரே சட்டத்தில் இல்லை. பல சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் பரவிக் கிடக்கின்றன.

மருத்துவர் நடத்தை நெறிகள்: இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள், அறுவைக்கு முன் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறவேண்டும் என்கின்றன. ஒப்புதல் தரக்கூடியவர்களாகக் கணவர் அல்லது மனைவி, சிறுவர் எனில் பெற்றோர் அல்லது காப்பாளர், பின்னர் நோயாளி என்ற வரிசையில் அவ்விதி குறிப்பிடுகிறது. நோயாளி கடைசியில் வருவது கவனிக்கத்தக்கது. இவற்றுக்கு மாற்றாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகத்து மாதம் புதிய விதிகளை அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தரவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு.

சமீரா கோலி வழக்கு (2008): இந்தியாவில் ஒப்புதல் பற்றிய முதன்மையான தீர்ப்பு இதுவாகும். 1995இல் தில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் ஆய்வுக்கு ஒப்புதல் அளித்தார். அவர் மயக்க நிலையில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்று, கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. நோயாளி வயது வந்தவர், தெளிந்த மனத்தினர், மயக்கம் தற்காலிகமானது, உயிருக்கு உடனடி இடரும் இல்லை; ஆகவே அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்றது. ஆய்வுக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது என்பதும் இத்தீர்ப்பால் உறுதியானது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க இடர்கள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்லவேண்டும் என நீதிமன்றம் வரையறுத்தது. மிக அரிதான இடர்கள் அனைத்தையும் அடுக்கவேண்டியதில்லை என்றும் கூறியது.

தேவிகா பிஸ்வாஸ் வழக்கு (2016): பீகாரில் 2012இல் நடந்த கருத்தடை முகாம் ஒன்றில் 53 பெண்களுக்கு முறையற்ற நிலையில் அறுவை செய்யப்பட்டதையொட்டி எழுந்த வழக்கு. விளக்கம் உள்ளூர் மொழியில் தரப்படவேண்டும், மனம் மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எண்ணிப் பார்க்கும் நேரமும் ஒப்புதலின் பகுதியே என்பதை இத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

பிற சட்டங்கள்: மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 1971இன்படி 18 வயது நிறைந்த, மனநலம் உள்ள பெண்ணின் ஒப்புதல் மட்டுமே தேவை. கணவரின் ஒப்புதல் தேவையில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய் உள்ளவருக்கும் முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்பதை ஏற்கிறது. ஒருவரின் முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்கு ஆற்றல் இல்லை எனக் கருதக்கூடாது என்றும் அது கூறுகிறது. 2018 மார்ச்சு 9 அன்று உச்ச நீதிமன்றம், மீள வாய்ப்பற்ற நிலையில் உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. 2023 சனவரியில் அதன் நடைமுறையை எளிமையாக்கியது.

அவசர நிலை: நோயாளி ஒப்புதல் தர இயலாத நிலையில் இருந்து, காப்பாளரும் அருகில் இல்லாது, தாமதித்தால் உயிர் போகும் எனில் மருத்துவர் நல்லெண்ணத்துடன் சிகிச்சை அளிக்கலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் இருந்த இவ்விலக்கு, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 30ஆம் பிரிவில் உள்ளது.

முடிவெடுப்பின் படிகள்

கிளின் எல்வின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012இல் முன்வைத்த முறை மூன்று உரையாடல்களைக் கொண்டது.

1. தேர்வு உண்டு என்று சொல்லுதல். பல நோயாளிகளுக்கு வேறு வழி இருப்பதே தெரியாது.
2. வழிகளை விளக்குதல். ஒவ்வொன்றின் நன்மை, தீமை, செலவு, காலம் ஆகியவற்றைக் கூறுதல். எதுவும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு வழியே.
3. முடிவுக்கு வருதல். நோயாளிக்கு எது முக்கியம் எனக் கேட்டு, அதற்கேற்ற வழியைச் சேர்ந்து தேர்தல்.

எடுத்துக்காட்டு: மார்பகப் புற்றுநோய்

தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க்குப் பலருக்கு இரண்டு அறுவை வழிகள் உண்டு. ஒன்று, மார்பகத்தை முழுமையாக அகற்றுவது. மற்றொன்று, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. இரு வழிகளிலும் உயிர்பிழைப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதை அவை காட்டின.

ஆகவே "எது நல்லது?" என்ற வினாவுக்கு மருத்துவ நூலில் மட்டும் விடை இல்லை. உறுப்பைக் காப்பது ஒருவருக்குப் பெரிதாக இருக்கலாம். கதிர்வீச்சுக்கோ மூன்று முதல் ஆறு வாரம்வரை ஏறத்தாழ நாள்தோறும் மருத்துவமனை செல்லவேண்டும். பர்கூர் மலையிலிருந்து அவ்வாறு வந்து செல்வது எளிதன்று. தங்குமிடம், நாட்கூலி இழப்பு, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பனவெல்லாம் முடிவின் பகுதிகளாகின்றன. இவை எவையும் மருத்துவ அறிக்கையில் இல்லை. நோயாளியைக் கேட்டால்தான் தெரியும். அதேபோல், மலையில் வாழ்பவர் என்பதாலேயே "இவர் முழு அகற்றலைத்தான் விரும்புவார்" என மருத்துவர் தாமே முடிவுகட்டுவதும் தவறாகும்.

எண்களை விளக்குதல்

ஒரே உண்மையை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒரு நோய் மருந்து இல்லாமல் 100 பேரில் 2 பேருக்கு வருகிறது, மருந்து உட்கொண்டால் 100 பேரில் 1 நபருக்கு வருகிறது எனக் கொள்வோம். "இம்மருந்து நோயைப் பாதியாகக் குறைக்கும்" என்பதும் உண்மை. "மருந்து உட்கொள்ளும் 100 பேரில் 1 நபருக்குப் பயன் கிடைக்கும், 99 பேருக்கு அதனால் வேறுபாடு இல்லை" என்பதும் உண்மை. முதல் வாக்கியத்தைக் கேட்பவர் உடனே இசைவார். இரண்டாவதைக் கேட்பவர் பக்க விளைவுகளைப் பற்றியும் கேட்பார். எனவே விழுக்காட்டை விட "100 பேரில் எத்தனை பேர்" என்று கூறுவதும், இரு நிலைகளையும் அருகருகே வைத்துக் காட்டுவதும் நன்று.

கொங்குப் பகுதியின் சூழல்

"சரிங்க" என்னும் சொல்: கொங்குத் தமிழில் பேச்சின் முடிவில் "ங்க" அல்லது "ங்" சேர்ப்பது மரியாதை. மருத்துவர் கூறுவதற்கெல்லாம் "சரிங்க" என்பதும், "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க" என்பதும் ஈரோட்டு மருத்துவமனைகளில் இயல்பாகக் கேட்கும் பேச்சு. இது பெரும்பாலும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கான பணிவுச் சொல்லே ஆகும். புரிந்தது என்றோ, உடன்படுகிறேன் என்றோ பொருள்படுவதில்லை. இதைக் களைய உதவும் எளிய முறை, திருப்பிச் சொல்லக் கேட்பதாகும். "புரிந்ததா?" என்று கேட்பதற்கு மாறாக, "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என மருத்துவர் கேட்பார். நோயாளி தம் சொற்களில் சொல்லும்போது எங்கே தவறியது என்பது தெரிந்துவிடும்.

சொற்கள்: சோதனை முடிவு "பாசிட்டிவ்" என்றால் நல்ல செய்தி எனப் பலர் எண்ணுகின்றனர். மருத்துவத்தில் அது பெரும்பாலும் நோய் இருப்பதைக் குறிக்கும். சிறுநீரகப் பழுதில் கிரியேட்டினின், யூரியா ஆகியவை உயர்வதை "உப்பு ஏறிவிட்டது" என்று கூறுவது வழக்கம். இதைக் கேட்டு உணவில் உப்பைக் குறைத்தால் நோய் தீர்ந்துவிடும் என நம்புபவர்களும் உண்டு. பழகிய சொல்லைப் பயன்படுத்துவது நல்லதே. அச்சொல் எதைக் குறிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மொழி: ஈரோடு மாவட்டத்தில் அனைவரும் தமிழ் பேசுபவர் அல்லர். தாளவாடிப் பகுதியில் கன்னடம் பேசுவோர் மிகுதி. சத்தியமங்கலம், அந்தியூர் மலைகளில் சோளகர், ஊராளி முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத் தொழிலாளர் பணிபுரிகின்றனர். இவர்களுள் தமிழ் அறியாதவர் ஒருவர் தமிழ்ப் படிவத்தில் இடும் கைந்நாட்டு, மையின் தடம் மட்டுமே. உடன்வரும் மேற்பார்வையாளர் மொழிபெயர்த்தால், தொழிலாளி தம் முதலாளியின் முன்னிலையில் மனம்விட்டுப் பேசுவாரா என்ற சிக்கலும் எழுகிறது.

குடும்பம்: இங்கு நோயாளி தனியே வருவது அரிது. மகன், மருமகள், பங்காளி, மாமன் என ஒரு குழுவே வரும். பணம் கட்டுபவரும், முடிவு சொல்பவரும், உடனிருந்து பார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். மேலை நாடுகளில் உருவான கூட்டு முடிவெடுப்பு முறை, நோயாளியைத் தனியராகவே எண்ணிப் பார்த்தது என்பது ஒரு குறைபாடாகும். நம் சூழலில் குடும்பத்தின் துணை பெரும் வலிமை. நோயாளி விரும்பினால், முடிவைக் குடும்பத்திடம் ஒப்படைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அவரிடம் கேட்டறிய வேண்டும். "அப்பாவிடம் சொல்லவேண்டாம் டாக்டர்" என்று மகன் கேட்டுக்கொள்வது அன்பினால்தான். அந்த அன்பினாலேயே, தம் எஞ்சிய நாட்களை எவ்வாறு கழிப்பது, நிலத்தையும் கடனையும் எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பனவற்றை முடிவு செய்யும் வாய்ப்பு அத்தந்தைக்கு இல்லாமல் போகிறது.

நேரம்: 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, முதல்நிலை மருத்துவச் சந்திப்பின் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடிகள், சுவீடனில் 22.5 நிமிடங்கள். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடங்கள். நெரிசல் மிக்க புறநோயாளிப் பிரிவில் மருத்துவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம்பிக்கை மையங்களில் உள்ளது போன்ற பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், செவிலியர், தமிழில் அமைந்த விளக்கத் தாள்கள் ஆகியவை இப்பளுவைப் பகிர்ந்துகொள்ள இயலும்.

கடனும் ஒப்புதலும்: பள்ளிபாளையம் நிகழ்வு

ஈரோட்டை அடுத்து, காவிரியின் மறுகரையில் அமைந்த பள்ளிபாளையம், விசைத்தறித் தொழிலால் வாழும் ஊர். இங்குள்ள தொழிலாளர்கள் சிலர், கடனை அடைப்பதற்காக இடைத்தரகர்கள் வழியே தம் சிறுநீரகத்தை விற்றதாக 2025 சூலையில் செய்திகள் வெளியாயின. அரசு விசாரணைக்குப்பின் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 1994 உறுப்பு விற்பனையைத் தடை செய்கிறது. நெருங்கிய உறவினர் அல்லாதவர் உறுப்புக் கொடுக்க வேண்டுமெனில், அங்கீகாரக் குழுவின் இசைவு தேவை. உறுப்பை எடுப்பதால் நேரக்கூடிய விளைவுகளையும் இடர்களையும் கொடையாளிக்கு மருத்துவர் விளக்கியிருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் 12ஆம் பிரிவில் உள்ளது. இவ்வளவு பாதுகாப்புகள் தாளில் இருந்தும் இத்தகைய நிகழ்வுகள் நடக்கின்றன. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை ஒருவருக்குப் பெயரளவில்தான் இருக்கும். படிவம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதோடு நில்லாமல், கொடையாளியைத் தனியே அழைத்து, அவருடைய மொழியில் பேசி, ஏன் கொடுக்கிறார் எனக் கேட்பதே இங்கு மெய்யான சோதனை.

துயரச் செய்தியைத் தெரிவித்தல்

கடும் நோய் பற்றிய செய்தியைத் தெரிவிப்பதற்கு, வால்ட்டர் பெய்ல் முதலிய மருத்துவர்கள் 2000இல் ஆறு படிகள் கொண்ட முறையை வெளியிட்டனர்: தனிமையான இடத்தை அமைத்தல், நோயாளி ஏற்கெனவே என்ன அறிந்துள்ளார் எனக் கேட்டல், எவ்வளவு அறிய விரும்புகிறார் எனக் கேட்டல், எளிய சொற்களில் சொல்லுதல், அவர் உணர்வுகளுக்கு இடம் தருதல், அடுத்துச் செய்யவேண்டியதைத் தொகுத்துக் கூறுதல். இவற்றுள் மூன்றாவது படி நம் நாட்டில் பெரிதும் பயன்படும். உண்மையை முழுவதும் சொல்வதா, மறைப்பதா என்ற வழக்கை மருத்துவரும் உறவினரும் தமக்குள் தீர்க்கவேண்டியதில்லை. நோயாளியையே கேட்கலாம்.

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் இத்தகைய உரையாடல் திறன் நெடுங்காலம் தனிப்பாடமாக இருந்ததில்லை. மனப்பாங்கு, அறவியல், தொடர்பாடல் ஆகியவற்றுக்கான பாடப்பகுதி, 2019இல் சேர்ந்த இளநிலை மருத்துவ மாணவர்கள் முதல் கட்டாயமாக்கப்பட்டது.

பயன்களும் திறனாய்வும்

முடிவெடுக்க உதவும் விளக்கத் தாள்கள், படங்கள், காணொளிகள் ஆகியவற்றைப் பற்றிய பல ஆய்வுகள் தொகுத்து ஆராயப்பட்டுள்ளன. இவற்றைப் பயன்படுத்தும் நோயாளிகள் தம் நோயைப் பற்றிக் கூடுதலாக அறிகின்றனர், இடர்களைச் சரியாக மதிப்பிடுகின்றனர், முடிவு பற்றிய தடுமாற்றம் அவர்களுக்குக் குறைகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. இதற்காகும் கூடுதல் நேரம் சில நிமிடங்களே.

அதேவேளை, இம்முறை எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. பாம்புக்கடிக்கும் மாரடைப்புக்கும் நீண்ட கலந்தாய்வுக்கு நேரமில்லை. தெளிவான ஒரே சிகிச்சை உள்ள நோய்களில், தேர்வு இருப்பதுபோல் காட்டுவது நோயாளியைக் குழப்பும். சிகிச்சை தவறினால் பழியை நோயாளி மேல் சுமத்துவதற்கு இதை ஒரு கவசமாகப் பயன்படுத்தும் அச்சமும் உண்டு. பத்து பக்கப் படிவத்தில் எல்லா இடர்களையும் அச்சிட்டுக் கையொப்பம் வாங்குவது அத்தகையதே. மேலும், மாற்று வழி உள்ளூரில் கிடைக்காதபோதும், அதற்குப் பணம் இல்லாதபோதும், தேர்வு என்பது சொல்லளவில் நின்றுவிடும்.

நோயாளி கேட்கக்கூடிய வினாக்கள்

பின்வரும் வினாக்களைக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. மருத்துவரைச் சந்திக்கும் முன் ஒரு தாளில் எழுதிச் செல்வது பயன்தரும்.

1. எனக்கு என்ன நோய்? அது உறுதியானதா, ஐயமா?
2. இதற்கு வேறு என்ன வழிகள் உள்ளன?
3. ஒவ்வொரு வழியிலும் நன்மை என்ன, இடர் என்ன? என்னைப் போன்ற 100 பேரில் எத்தனை பேருக்கு அவை நேரும்?
4. இப்போதைக்கு எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?
5. எவ்வளவு செலவாகும்? அரசுக் காப்பீட்டில் அடங்குமா? எத்தனை நாள் வேலைக்குச் செல்ல இயலாது?
6. முடிவு சொல்ல எத்தனை நாள் பொறுக்கலாம்?
7. இதே நிலை உங்கள் வீட்டாருக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? ஏன்?

இவ்வினாக்களைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. ஆறாம் வினா குறிப்பாக முக்கியமானது. அவசரம் இல்லாத நிலையில், "வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறேனுங்க" என்பதும் ஒரு முறையான விடையே ஆகும்.